400 பேரைக் கண்ணை மூடச் சொல்வது சிகிச்சை ஆகாது: எங்கள் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், ஆட்சிமன்றக் குழு உறுப்பினர்களுக்கும்,

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, தரைத்தளத்தில் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த அறை வாசலில் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கதவில் பூட்டு. 'மாணவர் ஆலோசனை' என்றிருந்த பலகையைக் கழற்றிவிட்டு 'ஐ.க்யூ.ஏ.சி. கோப்புகள்' (கல்லூரியின் தர மதிப்பீட்டுக் கோப்புகள்) என்று ஒரு தாளை ஒட்டியிருக்கிறீர்கள். "அக்கா, கவுன்சிலர் மேம் எப்போ வருவாங்க?" என்று என்னிடம் கேட்டாள். தோள்பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன. இனிமேல் வர மாட்டாங்க என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஒன்றேகால் வருடத்துக்கு முன்னால் அதே வாசலில் அதே மாதிரி நின்றவள் நான். அன்றைக்கு அந்தக் கதவு திறந்திருந்தது.

டிசம்பரில் வந்த உங்கள் சுற்றறிக்கையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாணவர் ஆலோசகர் பணியிடம் இந்தப் பருவத்திலிருந்து தொடராது என்கிறது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு புதன்கிழமையும் காலை 8 மணி முதல் 8.40 வரை கலையரங்கத்தில் எல்லோருக்கும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி, அதாவது இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி. வருகை கட்டாயம், வராவிட்டால் 50 ரூபாய் அபராதம். கீழே கொட்டை எழுத்தில் 'ஸ்ட்ரெஸ் இல்லாத வளாகம்'. தமிழ்ப் பிரதியில் மைண்ட்ஃபுல்னஸுக்கு 'நினைவாற்றல் பயிற்சி' என்று போட்டிருந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஞாபகசக்தி வகுப்பு என்று நினைத்துத்தான் முதல் வாரம் போனார்கள். மொழிபெயர்த்தவரை நான் குறை சொல்லவில்லை. எதை நிறுத்துகிறோம், அதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்த ஒருவர்கூட அந்தத் தாளை வெளியே அனுப்புவதற்கு முன் படித்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் மூன்றாம் ஆண்டு பி.காம். படிக்கிறேன். வீடு குரோம்பேட்டையில். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு கம்பெனியில் தையல் வேலை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கித்தான் இங்கே சேர்ந்தேன். அந்தச் சான்றிதழ் கட்டணச் சலுகைக்கு உதவியது. கூடவே, நான் தோற்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் தோற்ற மாதிரி என்ற பாரத்தையும் என் தலையில் ஏற்றி வைத்தது. அதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாம் ஆண்டு தொடங்கிய புதிதில் ஒரு நாள் காலை, கிண்டியைத் தாண்டி அடையாற்றுப் பாலத்தின் மேல் ரயில் சிக்னலுக்காக நின்றது. லேடீஸ் கம்பார்ட்மென்டில் நிற்க இடமில்லாத கூட்டம். திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. இரண்டு கையும் மரத்துப் போனது, மூச்சு உள்ளே போகவில்லை. சாகப் போகிறேன் என்றே நினைத்தேன். சைதாப்பேட்டையில் யாரோ கையைப் பிடித்து இறக்கி, பூ விற்கும் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாம் நார்மல். பக்கத்து வீட்டில் கேஸ் ட்ரபுள் என்றார்கள். அடுத்த வாரம் மறுபடியும் வந்தது. அதன் பிறகு நான் ரயில் ஏறவே இல்லை.

பஸ்ஸில் வந்தால் முதல் பீரியட் போய்விடும். போன பீரியட்களின் கணக்கு ஏற ஏற, கல்லூரிக்கு வரவே பயமாகிவிட்டது. செப்டம்பருக்குள் என் வருகைப் பதிவு 61 சதவீதம். பகலெல்லாம் படுக்கை, ராத்திரி மூன்று மணி வரை போன். தலைக்குக் குளித்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்கார வைத்துச் சிக்கெடுக்கும்போது, சீப்பு மாட்டிக்கொண்ட இடத்தில் எனக்கு வலிக்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் அம்மா பயந்தார். எது கேட்டாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அழுகைகூட வரவில்லை. இந்த நிலைக்கு டிப்ரஷன் என்று பெயர் என்பது எனக்குத் தெரியாது. சோம்பேறித்தனம் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்த மாதம்தான் துறையிலிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்தது, வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டச் சொல்லி.

மனநல டாக்டரிடம் போகலாம் என்றபோது அம்மா சொன்ன முதல் வார்த்தை, "கீழ்ப்பாக்கமா? வெளியில தெரிஞ்சா என்னடி ஆகும்?" இந்த ஊரில் 1794-லிருந்து இருக்கும் அரசு மனநல மருத்துவமனை அது. எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுத்த இடம். அது இருக்கும் பகுதியின் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்த ஒரு வார்த்தையால் எனக்கு ஆறு வாரம் வீணானது. கடைசியில் ஓர் அரசு பொது மருத்துவமனையின் ஓ.பி.யில் சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தாதே என்றார். வெளியே வரிசை நீளமாக இருந்தது. ஆனாலும் என்னை நிறுத்தி ஒன்று சொன்னார்: "மாத்திர உன்னை எழுந்து உட்கார வைக்கும்மா. நடக்கப் பழக்க ஒருத்தர் வேணும். உங்க காலேஜ்ல கவுன்சிலர் இருக்காங்களா?"

"இருக்காங்க டாக்டர்" என்று என்னால் சொல்ல முடிந்தது. இன்றைக்கு அதே கேள்வியை அதே மேசையில் யாராவது கேட்டால் நம் மாணவி என்ன பதில் சொல்வாள்?

அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று விவரமாக எழுதப் போகிறேன். உள்ளே நடந்தது வெளியே தெரியாததால்தான், அதை ஒரு புதன்கிழமை வகுப்பால் ஈடுகட்டிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

முதல் நாள் மேம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "இந்தப் பயத்த விரட்ட இதுவரைக்கும் என்னென்ன பண்ணிப் பாத்தேன்னு எழுதும்மா." எழுதினேன். ரயிலை விட்டுப் பஸ். பஸ்ஸிலும் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் ஏறுவதில்லை. வகுப்பில் கதவுக்குப் பக்கத்து பெஞ்ச். வைவா என்ற வாய்மொழித் தேர்வு நாளில் காய்ச்சல் என்று லீவு. காபியை நிறுத்தியது. கையை விட்டுப் பிரியாத தண்ணீர் பாட்டில். மாங்காடு அம்மனுக்கு வேண்டுதல். சித்தி மகள் கல்யாணத்துக்குப் போகாதது. ராத்திரி போன். இப்படிப் பதினான்கு வரி வந்தது. அவர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து மூன்று கேள்வி கேட்டார். இதைச் செய்ததும் பயம் போனதா? போனது மேம், அன்றைக்கு. திரும்பி வந்ததா? வந்தது. இதற்காக நீ எதை விட்டுக் கொடுத்தாய்? மூன்றாவது கேள்விக்கான பதில்களைத் தாளின் வலப்பக்கத்தில் எழுதச் சொன்னார். சிநேகிதிகள், அட்டெண்டன்ஸ், தூக்கம், கல்யாண வீட்டுப் படத்தில் என் இடம். வலப்பக்கம் நிறைந்துவிட்டது. பயம் மட்டும் அப்படியே இருந்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்லாமல், என் வாழ்க்கை எவ்வளவு சுருங்கிவிட்டது என்று நானே கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அவர் செய்தது 'அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி' (ஏற்பும் ஈடுபாடும் சார்ந்த சிகிச்சை) என்ற முறை. அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஸ்டீவன் ஹேஸும் உடன் பணியாற்றியவர்களும் வளர்த்தெடுத்தது. 1978-இல் ஹேஸுக்கே ஒரு துறைக் கூட்டத்தில், எனக்கு ரயிலில் வந்த மாதிரி, பானிக் அட்டாக் வந்திருக்கிறது, பேச வாயைத் திறந்தவருக்குக் குரல் வரவில்லை. மேம் இதைச் சொன்னபோது, வைவா அறையில் பதில் தெரிந்தும் ஊமையாக நின்ற என்னை நினைத்துக்கொண்டேன். புத்தகம் எழுதிய பேராசிரியருக்கும் இதேதானா என்று ஓர் ஆறுதல்.

இந்த முறை பயத்தை விரட்டித் தருவதாகச் சொல்வதில்லை. "கயிறு இழுக்கிற போட்டின்னு வச்சுக்கோ. எதிர்ப்பக்கம் பயம், நடுவுல பெரிய பள்ளம். நீ இழுக்க இழுக்க அதுவும் இழுக்குது. கயித்தக் கீழ போட்டா என்ன ஆகும்?" என்றார் மேம். பயம் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டேதான் இருக்கும். ஆனால் என் இரண்டு கையும் வேறு வேலைக்குக் கிடைக்கும். இது புரியவே எனக்கு நான்கு வாரம் ஆனது.

எண்ணங்களோடும் அப்படித்தான். "நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல" என்று மனசுக்குள் ஓடும்போது, அதை எதிர்த்து வாதாட வேண்டாம், 'என்று ஓர் எண்ணம் வருகிறது' என்று பின்னால் சேர்த்துச் சொல் என்றார். நம் மொழியில் அந்த 'என்று' போதும். நான் ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று ஓர் எண்ணம் வருகிறது. சொல்லிப் பாருங்கள், எண்ணம் ஒரு முழம் தள்ளிப் போய் நிற்கும். இன்னொரு நாள் 'ஃபெயில்' என்ற சொல்லை முப்பது விநாடி நிறுத்தாமல் வேகமாகச் சொல்ல வைத்தார். பத்து விநாடிக்கு மேல் அது வெறும் சத்தமாகிவிட்டது. இரண்டு மாதமாக என்னைத் தூங்க விடாத சொல் அது.

மைண்ட்ஃபுல்னஸும் செய்தோம். உங்கள் சுற்றறிக்கையில் இருக்கும் அதே சொல்தான். ஆனால் மூச்சைக் கவனி என்று சொன்னதுமே எனக்குப் படபடப்பு கூடியது. மூச்சுதான் எனக்குப் பயமே. கண்ணை மூடினால் அடையாற்றுப் பாலம் வரும். மேம் அதைப் பார்த்த உடனே நிறுத்திவிட்டார். "கண்ணத் திறந்தே இரு. மூச்ச விடு. கால் தரையில படுதில்ல, அதக் கவனி. ஃபேன் சத்தம் கேக்குதில்ல, அதக் கேளு." மேசை மின்விசிறி ஒவ்வொரு முறை இடப்பக்கம் திரும்பும்போதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மூன்று வாரம் நான் பயிற்சி செய்தது அந்த 'டக்'கைக் கேட்டுத்தான். மூச்சுக்கு வர எனக்கு ஒரு மாதம் பிடித்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததால் இது முடிந்தது.

பிறகு ரயில். எதற்காக நீ ரயில் ஏற வேண்டும் என்று முதலில் கேட்டார். பயத்தை ஜெயிக்க என்றேன். அது போதாது, உனக்கு எது பெரிசு என்று சொல் என்றார். யோசித்து யோசித்து ஒன்று சொன்னேன். அம்மாவோடு வேலை செய்யும் அக்காக்கள் பி.எஃப். பணம் எடுக்க ஆயிரக்கணக்கில் இடைத்தரகருக்குக் கொடுக்கிறார்கள். நான் கணக்குப் படித்து, அந்தப் படிவங்களை அவர்களுக்கு நானே போட்டுக் கொடுக்க வேண்டும். "அப்ப அதுக்காக ஏறு, பயத்தையும் பையில போட்டு எடுத்துக்கிட்டு ஏறு" என்றார். முதல் வாரம் குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம், ஒரே ஸ்டேஷன். இறங்கி எதிர் ரயிலில் வீடு. அடுத்த வாரம் மீனம்பாக்கம். கிண்டி வரை போக டிசம்பர் ஆகிவிட்டது. ஜனவரியில் பாலத்தைத் தாண்டினேன். நெஞ்சு அடித்தது, கை மரத்தது, கால் தரையில் இருந்தது, ரயில் சைதாப்பேட்டைக்கு வந்தது. அன்று இறங்கவில்லை. மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் என்று எழும்பூர் வரை வந்தேன். அறைக் கதவைத் தட்டிச் சொன்னபோது மேம் எழுந்து நின்றுவிட்டார்.

அக்டோபரின் கடைசி வாரம் தொடங்கி மார்ச் வரை மொத்தம் பதினாறு முறை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். போன நவம்பர் பரீட்சை சமயத்தில் பத்து நாள் மறுபடி படுத்துவிட்டேன். ஆனால் இந்த முறை அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. மாத்திரையும் டாக்டர் சொன்னபடி தொடர்கிறது. பதினோராவது நாள் எழுந்து பரீட்சை எழுதினேன். எனக்குத் தெரபி கொடுத்தது இதுதான், இது எனக்குப் போதும்.

இப்போது உங்கள் புதன்கிழமை வகுப்புக்கு வருகிறேன். நான்கு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கலையரங்கத்தில் சுமார் 400 பேர். மேடையில் ஒரு பயிற்சியாளர், மைக், புல்லாங்குழல் இசை. "எல்லாரும் கண்ண மூடுங்க, கெட்ட எண்ணங்கள எல்லாம் வெளிய அனுப்புங்க, மனசு காலியாகட்டும்." கண் திறந்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க இரண்டு பக்கமும் ஆசிரியர்கள் நடக்கிறார்கள். இரண்டாவது வாரம் எனக்கு முன் வரிசையில் ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எழுந்து வெளியே ஓடினாள். அவளுக்கு ஆப்சென்ட் போட்டார்கள், அபராதமும் வாங்கினார்கள். அவளுக்கு என்ன நடந்தது என்று அந்த அரங்கில் எனக்குத் தெரியும். வேறு யாருக்காவது தெரிந்ததா?

மனசைக் காலி செய் என்று மைண்ட்ஃபுல்னஸ் எங்குமே சொல்லவில்லை. வருகிறதை வருகிறபடி கவனி என்பதுதான் அது. கெட்ட எண்ணத்தை வெளியே தள்ளு என்பது, நான் அந்தத் தாளில் எழுதிய பதினான்கு வரிகளுக்குப் பதினைந்தாவது வரி. தள்ளத் தள்ளத் திரும்பி வருவதுதான் எங்கள் நோயே. ஸ்ட்ரெஸ் இல்லாத வளாகம் என்ற வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஸ்ட்ரெஸ் இருக்கிற நான் இந்த வளாகத்தில் இருக்கத் தகுதியில்லாதவள் என்று ஓர் எண்ணம் வருகிறது. எனக்கு 'என்று' போடத் தெரியும். அந்த முதலாம் ஆண்டுப் பெண்ணுக்குத் தெரியாது.

இதெல்லாம் ஒரு மாணவியின் சொந்த அபிப்பிராயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மைண்ட்ஃபுல்னஸை மருத்துவத்துக்குள் கொண்டு வந்தவர் ஜான் கபாட்-ஸின். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் அதை ஒரு பயிற்சியாகத் தொடங்கினார். அதிலிருந்து மனச்சோர்வுக்கென்று ஒரு சிகிச்சையை சிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும் உருவாக்கினார்கள். அதில் ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 12 பேர், வாரம் இரண்டு மணி நேரம், எட்டு வாரம். சேர்வதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்துப் பேசுவார்கள். 2000-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து மீண்டவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு அது திரும்ப வந்தது. இந்தப் பயிற்சியும் பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கு. அதே ஆய்வில், இரண்டு முறை மட்டுமே வந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. யாருக்கு, எப்போது, யார் கையால் என்பதெல்லாம் இதில் முக்கியம்.

எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதையும் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 'மிரியட்' என்ற ஆய்வு, பள்ளிப் பிள்ளைகள் 8,000 பேருக்கும் மேல். 2022-இல் முடிவு வெளிவந்தது. வகுப்பு முழுவதற்கும் மைண்ட்ஃபுல்னஸ் கற்பித்தது, பள்ளிகள் வழக்கமாகச் செய்து வந்ததைவிட எந்த விதத்திலும் மேலான பலனைத் தரவில்லை. அங்கே ஆசிரியர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்துத்தான் நடத்தினார்கள். ஆகையால் குழுவாகச் செய்வதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாக இருப்பவர்களுக்குப் புதன்கிழமை நாற்பது நிமிட அமைதி நல்லதாகவே இருக்கலாம், விரும்புகிறவர்கள் வரட்டும். ஆனால் நோயில் இருப்பவருக்கு அதை மருந்தாகக் கொடுத்துவிட்டு மருத்துவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

'ஏற்பு' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் நாங்கள் நான்கு பேர் துறைத் தலைமையைப் பார்த்துப் பேசப் போனபோது, "நிர்வாகம் எடுத்த முடிவ அக்செப்ட் பண்ணிக்கங்க, உங்களுக்கு அதத்தானே அங்க சொல்லிக் குடுத்தாங்க" என்று பதில் வந்தது. எனக்கு அது வலித்தது. பெண் பிள்ளைகளுக்கு 'அனுசரிச்சுப் போ' என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிற ஊர் இது. அதையும் இதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். நெஞ்சு அடிப்பதை, கை நடுங்குவதை, துக்கத்தை, உள்ளே வருகிற எதையும் சண்டை போடாமல் இருக்க விடுவது ஏற்பு. நடந்த அநியாயத்தை இருக்க விடுவதற்கு அந்தப் பெயர் கிடையாது. அந்த முறையின் பெயரிலேயே இரண்டாவது பாதி 'கமிட்மென்ட்'. எது பெரிசோ அதற்காகக் காலை எடுத்து வை என்பது. இதை எழுதும்போது என் கை நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பயன்படுத்தியவர்கள் குறைவு என்று பணியிடத்தை நிறுத்தியதற்குக் காரணம் சொன்னீர்கள். ஏன் குறைவு என்று யாராவது கேட்டீர்களா? அறை திறந்திருந்தது காலை 11 முதல் மதியம் 1 மணி வரை. வகுப்பை விட்டு வந்தால் ஆப்சென்ட். ஷிஃப்ட் 2 மாணவர்கள் கல்லூரிக்குள் நுழைவதே ஒன்றேகால் மணிக்கு. வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு நோட்டு, அதில் பெயரும் ரெஜிஸ்டர் நம்பரும் எழுத வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க நிற்கும் எல்லோரும் பார்ப்பார்கள். நான் முதல் இரண்டு முறை ஜெராக்ஸ் வரிசையில் நின்று, கூட்டம் குறைந்த பிறகுதான் உள்ளே நுழைந்தேன். இத்தனைக்கும் மேல், கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சீட்டு என்று மட்டுமே அறிந்த பிள்ளைகள் நாங்கள். எதற்கு அந்த அறை என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

சட்டமும் உங்கள் முடிவுக்கு எதிராக இருக்கிறது. 25.07.2025 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் நாட்டின் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. தனியார் கல்லூரிகளும் அதில் அடக்கம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு நிறுவனமும், தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்கிறது அது. ஆசிரியர், ஊழியர் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி வேண்டும் என்கிறது. அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி-மானஸின் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கிறது. 2022-இல் மட்டும் இந்த நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நீதிமன்றம் இதையெல்லாம் எழுதியது. அந்தத் தீர்ப்பு வந்து ஐந்து மாதத்தில் நீங்கள் இருந்த ஒரே ஆலோசகரையும் நிறுத்தியிருக்கிறீர்கள்.

இனி நான் கேட்பவை.

முதலும் முக்கியமானதுமாக, ஆலோசகர் பணியிடத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள். பிப்ரவரி இன்டர்னல் தேர்வுக்கு முன் ஒருவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். உளவியலில் முறையாகப் படித்து, இளைஞர்களோடு வேலை செய்யப் பயிற்சி பெற்றவராக இருக்கட்டும். ஷிஃப்ட் 1, ஷிஃப்ட் 2 இரண்டுக்கும் நேரம் ஒதுக்குங்கள். எங்களுக்கிருந்த மேமையே திரும்ப அழைக்க முடியுமானால் அழையுங்கள். பாதியில் நின்றுபோனவர்களுக்குப் புது ஆளிடம் முதலிலிருந்து சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கோப்புகளுக்கு வேறு இடம் பாருங்கள். வாசல் நோட்டை எடுத்துவிடுங்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்கு, என்.எஸ்.எஸ். முகாமுக்குக் கொடுப்பது போல, காரணம் கேட்காமல் ஓ.டி. (வகுப்பில் இருந்ததாகக் கணக்கில் எடுக்கும் அனுமதி) கொடுங்கள்.

புதன்கிழமை வகுப்பில் கட்டாயத்தையும் அபராதத்தையும் இந்த வாரமே நீக்குங்கள். எழுந்து ஓடிய பெண்ணிடம் வாங்கிய 50 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். அவளிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள். நடத்துவதானால் சிறு குழுக்களாக, பயிற்சி பெற்றவரைக் கொண்டு, கண்ணைத் திறந்து வைத்திருக்கவும் வெளியே போகவும் அனுமதியோடு நடத்துங்கள்.

வகுப்பு ஆசிரியர்கள் 'பிரச்சினை உள்ள மாணவர்கள்' என்று பட்டியல் எடுத்துத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கையின் கடைசி வரி சொல்கிறது. அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள், எடுத்த பட்டியலை அழித்துவிடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரின் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை அவருடைய உரிமையாகச் சொல்கிறது. பட்டியலில் பெயர் வந்துவிடும் என்று தெரிந்தால் ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. ஆசிரியர்களுக்கு நீதிமன்றம் சொன்ன பயிற்சியைக் கொடுத்தால் அவர்களே எங்களைச் சரியான இடத்துக்கு அனுப்புவார்கள். அவர்களில் பலர் நல்லவர்கள், என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறவர்கள்.

என் பெயரை இங்கே போடவில்லை, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அது. பெயரும் ரெஜிஸ்டர் நம்பரும் கையெழுத்தும் உள்ள பிரதியை முதல்வர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கியிருக்கிறேன். 11.02.2026-க்குள் எழுத்து மூலமான பதில் வேண்டும்.

அந்த முதலாம் ஆண்டுப் பெண்ணோடு தினமும் மதியம் கேன்டீனில் உட்கார்ந்துகொள்கிறேன். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அவள் போனில் நானே பதிந்து கொடுத்தேன், ஒரு முறை பேசியிருக்கிறாள். நான் ஆலோசகர் இல்லை, எனக்கு அதற்கு மேல் தெரியாது. மேம் எப்போ வருவாங்க என்று இன்று மறுபடியும் கேட்டாள். அவளிடம் நான் எந்தத் தேதியைச் சொல்ல வேண்டும் என்று உங்கள் பதிலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு பி.காம். மாணவி
சென்னை, 21.01.2026